மைமூன் சொல்லி முடிக்கும் வரை

பம்பாயில் முன்பின் தெரியாத ஒருவர் உங்களிடம் முதலில் கேட்பது பெயரை அல்ல, ஊரை அல்ல, யாருடைய பிள்ளை என்பதையும் அல்ல. "கிதர் உத்ரேகா?" எங்கே இறங்குவாய் என்பதுதான். லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தவனைச் சுற்றி நான்கு பேர் நின்றுகொண்டு இதையே கேட்பார்கள். வந்த புதிதில், ஊருக்குப் புதியவன் என்று பரிவோடு விசாரிக்கிறார்களாக்கும் என நினைத்து, மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி இன்ன சந்தில் இன்ன கடைக்குப் போகிறேன் என்று முழு விவரமும் சொன்னேன். கேட்டவர் பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் இடம் எப்போது காலியாகும் என்பதைத் தவிர என்னைப் பற்றி அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரே மாதத்தில் நானும் அதே கேள்வியை அதே குரலில் கேட்கப் பழகிவிட்டேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் நான் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அந்த வேகம் பிடித்திருந்தது. எங்கள் ஊர் பத்தமடையில் ஒரு தீப்பெட்டி வாங்கப் போனால், வீட்டில் உள்ள எல்லாருடைய உடம்பையும் விசாரித்த பிறகுதான் தீப்பெட்டி கைக்கு வரும். பத்தொன்பது வயதில் எனக்கு அது மூச்சு முட்டியது. அங்கிருந்து தப்பித்து ஓடி வந்தவன் நான். தாராவியில் கார்கானா என்கிற பை தைக்கும் பட்டறை ஒன்றில் தரையில் படுத்து, தரையில் உட்கார்ந்து தொழில் கற்றேன். பிறகு மூன்று மெஷின்களோடு சொந்தமாக ஒரு கார்கானா வைத்தேன். கீழே பட்டறை, செங்குத்தான மரப்படியில் ஏறினால் மேலே ஒற்றை அறை. அதுதான் வீடு. தைத்த பைகளை மூட்டை கட்டி, காலையில் சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறி, மஸ்ஜித் பந்தர் மொத்தக் கடைகளில் போடுவது என் வேலை. அங்கே சேட்டுகள் பாதிப் பேச்சுதான் பேசுவார்கள். மீதியைப் புரிந்துகொண்டு நாம் முடிக்க வேண்டும். அந்த வித்தை எனக்கு நன்றாக வந்தது. இவன் சொல்லுமுன் தெரிந்துகொள்கிறவன் என்று எனக்கு மார்க்கெட்டில் ஒரு பெயரே இருந்தது.

இந்த வித்தையை வீட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. என் மனைவி சபுரா ஏதாவது சொல்லத் தொடங்கினால், "தெரியும், மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சு, காதர்கிட்ட சொல்லுதேன்" என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்கிவிடுவேன். காதர் அவளுடைய தம்பி, பட்டறையில் என் கூட்டாளி. மூத்தவள் மைமூனுக்கு நாலரை வயது, சின்னவன் அன்வருக்கு ஒன்றரை. அவர்கள் எழுந்து முகம் கழுவும் நேரத்தில் நான் பேண்ட் போட்டுக்கொண்டிருப்பேன். மைமூன் படியின் மேல்முனையில் நின்று ஏதோ சொல்ல வருவாள். நான் அதை யூகித்துப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

அவளுக்குப் பேச்சு திக்குகிறது என்று சபுரா இரண்டு மூன்று முறை சொன்னாள். வளர்ந்தால் சரியாகும் என்றேன். அந்த வருடக் குளிர்காலத்தில் சேர்க்கைக்காக அவளை ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த டீச்சர் சிரித்த முகமாகப் பேர் என்ன என்று ஹிந்தியில் கேட்டார். மைமூன் வாயைத் திறந்தாள். "ம... ம... ம..." என்று உதடுகள் ஒட்டிக்கொண்டன. கண்களை இறுக மூடினாள். கழுத்து நரம்பு தெரிந்தது. "மைமூன்" என்று நான் சொல்லிவிட்டேன். டீச்சர் என்னைப் பார்த்து, நான் உங்களைக் கேட்கவில்லையே என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டபோது மைமூன் வாயையே திறக்காமல் என் முகத்தைப் பார்த்தாள். நீயே சொல்லிவிடு என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அடுத்த வருடம் கொண்டுவாருங்கள் என்று சொல்லி, முனிசிபல் ஆஸ்பத்திரியில் பேச்சுக்கென்றே ஒரு மேடம் இருப்பதாக ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார் அந்த டீச்சர்.

ஆஸ்பத்திரி மேடம் மராத்திக்காரர். வெள்ளைச் சேலை, பெரிய குங்குமப் பொட்டு. மைமூனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, மரக்கட்டைகளை அடுக்கவிட்டு, அரைமணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே இத்தனை பேர் காத்திருக்க, இவர் ஏன் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார் என்று எனக்குப் பொறுமை போனது. கடைசியில் என்னிடம், "தீரே போலோ. பச்சி கே சாத் தீரே போலோ" என்றார். பிள்ளையோடு தீரே பேசுங்கள். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டதால், புரிந்தது என்று தலையாட்டிவிட்டு எழுந்தேன். மார்க்கெட்டில் அந்தச் சொல்லை நான் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். சேட் டெலிபோனில் பேசும்போது எங்களைப் பார்த்துக் கையை அமர்த்தித் தீரே என்பார். சத்தம் போடாதே என்று அர்த்தம்.

அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லோரும் கிசுகிசுவென்று பேசத் தொடங்கினோம். கீழே மூன்று மெஷின்கள் கடகடவென்று ஓட, மேலே நாங்கள் ரகசியம் பேசினோம். சபுரா எனக்குச் சோறு வேண்டுமா என்று உதட்டசைவில் கேட்பாள். காதர் படியேறி வந்து சாதாரணமாகப் பேசினால், நான் விரலை வாயில் வைத்து அடக்குவேன். மைமூன் மிரண்டுபோனாள். வீட்டில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, சபுராவின் முந்தானையை விட்டு நகரவே இல்லை. திக்கல் கூடியது. பத்து நாள் கழித்து மறுபடி போய், நீங்கள் சொன்னபடியே மெதுவாகப் பேசினோம், ஒன்றும் நடக்கவில்லை என்று மேடத்திடம் முறையிட்டேன். எப்படிப் பேசினீர்கள், பேசிக் காட்டுங்கள் என்றார். கிசுகிசுத்தேன். அவர் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தீரேக்குப் போலவே தமிழில் மெதுவாக என்பதற்கும் இரண்டு அர்த்தம் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தத்தைக் குறைப்பது ஒன்று, அவசரத்தைக் குறைப்பது ஒன்று. பதினைந்து வருடத்தில் முதலாவதை மட்டுமே நான் பயன்படுத்தி வந்திருக்கிறேன்.

பயிற்சிக்குப் பிள்ளையை எத்தனை நாள் கொண்டுவர வேண்டும் என்று கேட்டேன். மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "பச்சி கோ நஹீ. ஆப்கோ" என்றார். பிள்ளைக்கு இல்லை, உங்களுக்கு. எனக்கு அவமானமாக இருந்தது. என்னால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். இல்லை என்றார். சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், யாரும் கொடுத்து வருவதில்லை. ஆனால் சுற்றி இருப்பவர்கள் அவசரப்பட்டால் அந்தப் பிள்ளை மூடிய கதவை முட்டித் திறப்பது போலப் பேச வேண்டியிருக்கும் என்றார். தினம் அரைமணி நேரம் அவளோடு உட்காருங்கள். கேள்வி கேட்காதீர்கள். திருத்தாதீர்கள். அவள் எங்கே திக்கினாலும், என்ன ஆனாலும், அந்தச் சொல்லை நீங்கள் முடிக்காதீர்கள். அவ்வளவுதான். மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் எந்த மருந்தானாலும் வாங்கியிருப்பேன். அரைமணி நேரத்தை எங்கே போய் வாங்குவது என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

முதல் நாள் காலையில் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். அவள் விளையாடவே இல்லை. என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று எதுவும் நடக்கவில்லை. சபுராதான் கண்டுபிடித்தாள். "பேண்டு போட்டுட்டா நீங்க போகப் போறீகன்னு அவளுக்குத் தெரியும். கைலியோட உக்காந்து பாருங்க" என்றாள். மறுநாள் கைலியோடு உட்கார்ந்தேன். மைமூன் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கை எடுத்து உரித்தேன். ரொம்ப நேரம் கழித்து, "வா... வா... வாப்பா, இதுல ஏழு இருக்கு" என்று ஒரு காயைப் பிளந்து காட்டினாள். அந்த மூன்று வா-க்களுக்கிடையே என் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்தாள். ஆமாம், ஏழு என்றேன். அவ்வளவுதான் அன்றைய பேச்சு.

பிறகு எட்டு மணி ரயிலை விட்டுவிட்டுப் பத்து மணி ரயிலில் போகத் தொடங்கினேன். அரைமணி நேரம் தானாகவே ஒரு மணி ஆனது. அன்வரைத் தோளில் வைத்துக்கொண்டு, மைமூனின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தில் இறங்குவேன். நான் ஐந்து நிமிடத்தில் கடக்கும் சந்து அவளுக்கு ஒரு மணி நேரம். குயவர்கள் இருக்கும் பக்கம் போய்ச் சூளைப்புகையில் கண் எரிய நிற்போம். வெயிலில் வரிசையாகக் காயவைத்திருந்த சட்டிகளுக்குள் ஒரு பூனை ஒவ்வொன்றாகத் தலையை விட்டுப் பார்த்தது. கடைசிச் சட்டி வரை அது பார்த்து முடிக்க நாங்கள் காத்திருந்தோம். முக்கில் இட்லி அவிக்கும் இசக்கியம்மாள் நாங்குநேரிப் பக்கத்துக்காரி. நான் பிள்ளைகளோடு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததும், கையில் துணியோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏ பாயி, பதினஞ்சு வருசமா இந்த வழியா ஓடுதீரு. இன்னைக்குத்தான் உம்ம மொகத்தப் பாக்கேன்" என்றாள். எனக்கும் அவள் முகம் புதிதுதான். அவளுடைய இட்லியைத் தினமும் தின்றுகொண்டுதான் இருந்தேன்.

இப்படியே போயிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது. ஏப்ரல் பிறந்ததும் பள்ளிக்கூடப் பை சீசன் வந்தது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தைத்துக் கொடுக்க வேண்டும். வருடத்தின் பாதி வேலை அந்த இரண்டு மாதத்தில்தான். அதுவரை வராத ஒரு பெரிய சேட் எங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். காதர் பக்கத்து அறையையும் எடுத்து இன்னும் இரண்டு மெஷின் போட்டுவிடலாம் என்றான். நான் பேண்டை மாட்டிக்கொண்டு மறுபடி எட்டு மணி ரயிலுக்கு ஓடினேன். ஒரு வாரம்தானே என்று நினைத்தது நான்கு வாரம் ஆனது. ஒருநாள் மத்தியானம் மேலே சாப்பிட ஏறியபோது, மைமூன் தண்ணீர்க் குடத்தைக் காட்டி அன்வரின் முதுகைத் தட்டினாள். அன்வர், "லாத்தாக்கு தண்ணி" என்று அக்காவுக்காகக் கேட்டான். அவனுக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை. அவள் தம்பியைக் கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன். "இருபது நாளாச்சு. உங்ககிட்ட சொல்ல வந்தா, தெரியும் தெரியும்னு எறங்கிப் போயிட்டீக" என்றாள் சபுரா. அவள் குரலில் கோபம்கூட இல்லை.

அன்று சாயங்காலமே காதரை உட்காரவைத்துப் பேசினேன். இனி மார்க்கெட்டுக்கு அவன் போகட்டும், நான் பட்டறையில் இருந்து வெட்டும் வேலையைப் பார்க்கிறேன், பக்கத்து அறை வேண்டாம் என்றேன். அவனுக்கு என்மேல் வருத்தம். "மச்சான், எல்லாரும் புள்ளைகளுக்காகத்தான் ஓடுதாங்க. நீங்க புள்ளைகளுக்காக நிக்கேங்கியளே" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் மறுநாள் மார்க்கெட்டுக்கு அவனையே அனுப்பினேன். பெரிய சேட் காதரின் அரைகுறை ஹிந்தியில் எரிச்சலாகி அடுத்த சீசனுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். என்னோடு ஊரிலிருந்து வந்தவர்களில் இரண்டு பேர் இப்போது செம்பூரில் பிளாட் வாங்கிவிட்டார்கள். நாங்கள் இன்னும் அதே மரப்படியில்தான் ஏறி இறங்குகிறோம். இது தியாகம் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. அவர்கள் பிளாட்டுக்குப் போய்வந்த நாட்களில் எனக்குத் தூக்கம் குறைந்ததும் உண்மை.

மழை பிடித்தபின் ஒருநாள் ரயில் எல்லாம் நின்றுபோனது. சந்தில் முழங்கால் தண்ணீர். பட்டறையில் துணிச்சுருள்களைப் பலகைமேல் ஏற்றிவிட்டு, ஆட்களை அனுப்பிவிட்டு மேலே வந்தேன். கரண்ட் இல்லை, மெஷின் சத்தம் இல்லை. தகரத்தில் மழை மட்டும். சபுரா கடுங்காப்பி போட்டாள். நாங்கள் நால்வரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம். அன்வர் என் வயிற்றின்மேல் ஏறிப் படுத்துவிட்டான். யாரும் கேட்காமலே மைமூன் ஒரு கதை சொல்லத் தொடங்கினாள். வாப்பா தைத்த பைக்குள் ஓர் எலி குடியிருந்தது. அந்தப் பையை ஒரு பிள்ளை வாங்கிக்கொண்டு போனதால் எலியும் பள்ளிக்கூடம் போக வேண்டியதாகிவிட்டது. இவ்வளவு சொல்ல அவளுக்குக் கால்மணி நேரம் பிடித்திருக்கும். சொல் வராதபோது கால் விரல்களை உள்ளே மடக்குகிறாள் என்பதை அன்றுதான் பார்த்தேன். சொல் வந்ததும் விரல்கள் விரியும். நான் அவள் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவசரமே இல்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் எலியிடம் பேர் என்ன என்று கேட்டார். எலி சொல்லவில்லை.

"ஏன் சொல்லல?" என்று சபுரா கேட்டாள். கேள்வி கேட்கக் கூடாது என்ற விதியை அவள் மறந்துவிட்டாள்.

"அ... அ... அதுக்குள்ள அதோட வாப்பா சொ... சொல்லிட்டாங்க" என்றாள் மைமூன்.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கதையில் அடுத்து நடந்தது அதுதான், அவ்வளவே. எலி பிறகு மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தின்றது, மணி அடித்ததும் பைக்குள் ஏறி வீட்டுக்கு வந்தது என்று கதை போய்க்கொண்டே இருந்தது. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். சபுரா என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள். கதை முடிந்ததும், எலிக்குப் பேர் என்ன என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. சாயங்காலம் தண்ணீர் வடிந்தபோது அவளே வந்து, எலிக்குப் பேர் குல்சார் என்று திக்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.

திக்கல் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. குறைந்திருக்கிறது, சில வாரம் இருக்கும் இடம் தெரியாது, பிறகு வரும். மேடம் அதற்கெல்லாம் கவலைப்படாதீர்கள் என்கிறார். ஒரு வருடம் கழித்து அதே பள்ளிக்கூடத்தில், அதே மேஜைக்கு முன்னால், தன் பெயரைத் தானே சொல்லிச் சேர்ந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது அவளுக்கு ஏழு வயது நடக்கிறது. வீட்டில் தமிழும் சந்தில் ஹிந்தியும் பள்ளியில் இங்கிலீஷும் பேசுகிறாள். மூன்றிலும் திக்குகிறாள், மூன்றிலும் கதை சொல்கிறாள்.

இந்த வருடக் கோடை விடுமுறையில், என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எல்லோரும் ஊருக்குப் போனோம். ரயிலில் இரண்டு நாளும் எனக்கு ஒரே நினைப்புதான். பம்பாய்தான் அவசரக்கார ஊர், பத்தமடையில் என் பிள்ளை நிதானமாகப் பேசலாம், அங்கே யாருக்கும் எங்கும் போக வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். போன முதல் நாளிலேயே அது பொய்த்தது. தீப்பெட்டி கொடுக்க அரைமணி எடுத்துக்கொள்கிற அதே மனிதர்கள், என் மகள் ஒரு சொல்லில் நின்றால் ஒரு நொடி பொறுக்கவில்லை. ஆளுக்கொரு சொல்லை அவள் வாயில் திணித்தார்கள். அண்ணன் அவள் கேட்க வந்ததை யூகித்துப் பலகாரத் தட்டை நீட்டினார். அவள் கேட்க வந்தது கிணற்றில் ஆமை இருக்கிறதா என்று. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொன்னார்கள், தேன் நக்கச் சொன்னார்கள். அவள் மறுபடி அன்வரின் முதுகைத் தட்டத் தொடங்கியபோது எனக்குப் பயம் வந்தது. "காக்கா, அவ சொல்லட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் அவளே சொல்லட்டும்" என்றேன் அண்ணனிடம், எல்லோர் முன்னாலும். வயதில் மூத்தவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவருக்கு முகம் சுருங்கியது. ஆனால் அவர் நல்ல மனிதர். அன்றிலிருந்து யாராவது குறுக்கே பேசினால் அவரே கையமர்த்தி நிறுத்தினார்.

கல்யாணத்துக்கு மறுநாள், பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எல்லோரும் முற்றத்தில் ஓய்ந்து உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, மைமூனைப் பார்த்தேயிராதவர், அவளை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டு, "நீ எந்த ஊருப் பிள்ளைமா?" என்று கேட்டார்.

மைமூன், "ப..." என்றாள். "ப... ப... ப..." கால் விரல்கள் மடங்கின.

பத்தமடை என்று சொல்லப்போகிறாள் என்று அண்ணனின் முகம் மலர்ந்தது. சபுரா என்னைப் பார்த்தாள். பம்பாய் என்றுதான் வரும் என்று அவள் நினைப்பது தெரிந்தது. என்னைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். இரண்டில் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. யாரும் பேசவில்லை, யாரும் அந்தச் சொல்லை முடிக்கவில்லை. என் மகள் கண்களை மூடிக்கொண்டு, உதடுகள் ஒட்டிய அந்த ஓர் எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். முற்றம் முழுக்கக் காத்திருந்தது. நானும் அவளோடு அங்கேயே நின்றேன்.